எந்த ஊருக்குப் போகலாம்? உங்கள் கால்களைக் கேளுங்கள்!

"டாக்டர், பையனுக்கு ரெண்டு ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணு சிங்கப்பூர், இன்னொண்ணு டெக்ஸாஸ். நாங்களும் கூடப் போய் இருக்கிறதா ஏற்பாடு. எந்த ஊர் எங்க உடம்புக்கு ஒத்துக்கும்?"

நெய்வேலியில் வைத்தியம் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன கேள்வி. சூரணம், லேகியம் கேட்டு வருகிறவர்களைப் போலவே ஊர் கேட்டு வருகிறவர்களும் உண்டு. காரணம் உங்களுக்கே தெரியும். என்.எல்.சி.யில் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சிலர் பக்கத்திலேயே இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வீடு கட்டிக்கொள்கிறார்கள். சிலர் சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், 'இனிமே உங்களோடதான்' என்று பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள்.

கட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, பேரனுக்குப் பள்ளிக்கூடம் எப்படி, இட்லி மாவு கிடைக்குமா, கோயில் இருக்கா... ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

'வாசலை விட்டு இறங்கினால், அந்த ஊரில் நடக்க முடியுமா?'

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். நீங்கள் நெய்வேலிக்காரராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திருச்சியோ, தஞ்சாவூரோ, யாழ்ப்பாணமோ, எங்கிருந்து கிளம்பினாலும் கணக்கு ஒன்றுதான்.

நம்மை அறியாமல் நடந்த நடை

1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு, திட்டம் போட்டுக் கட்டிய ஊர் நெய்வேலி நகரியம். அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், நடக்கிற தூரத்தில் கடை, பள்ளிக்கூடம், கோயில், விளையாட்டுத் திடல். இங்கே வளர்ந்த குழந்தைகளுக்கு முதல் வாகனம் சைக்கிள்தான்.

இந்த ஊரில் இருக்கும் ஒரு சாதாரண அம்மாவின் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் பால் வாங்கப் போய் வர பத்து நிமிஷம். மெயின் பஜாருக்குக் காய்கறிக்குப் போனால் இருபது நிமிஷம். சாயங்காலம் கோயில், வழியில் ரெண்டு பேரிடம் நின்று பேச்சு, திரும்பி வருதல் என்று அரைமணி. மொத்தம் ஒரு மணி நேரம்! அவரிடம் போய், "உடற்பயிற்சி செய்றீங்களாம்மா?" என்று கேட்டால், "அதுக்கெல்லாம் ஏது டாக்டர் நேரம்?" என்பார். அவர் நடந்தது அவருக்கே தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று சொல்கிறது. 65 வயது தாண்டியவர்கள் இதோடு, தடுமாறி விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் செய்ய வேண்டும். நம் அம்மா தூக்குவாளியோடும் கூடையோடும் போய் வந்தே இதில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறார்.

இப்போது அதே அம்மாவை விமானத்தில் ஏற்றி, கார் இல்லாமல் கடைக்குப் போக முடியாத ஒரு ஊரில் இறக்குங்கள். பால் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. காய்கறி வாரத்துக்கு ஒருமுறை காரில் வருகிறது. கோயில் சனி, ஞாயிறில் மகனுக்கு ஓய்வு இருந்தால் மட்டும். ஒரு மணி நேர நடை ஒரே நாளில் பூஜ்யமாகிவிடுகிறது. சாப்பாடு மட்டும் குறைவதில்லை!

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது என்னிடம் வருகிறார்கள். எடை ஏறியிருக்கும். சர்க்கரை ஏறியிருக்கும். முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டிருக்கும். "அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலை டாக்டர்" என்பார்கள். தண்ணீர் மேல் குற்றம் இல்லை. நடை நின்றதுதான் குற்றம்.

ஐந்து நிலம், ஆறு பொழுது

ஊருக்கும் உடம்புக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பிரித்த தமிழர்கள், அந்தந்த நிலத்தில் எந்தெந்த நோய் வரும் என்றும் பிரித்து வைத்தார்கள். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடங்களில் இதுவும் ஒன்று. மலை நிலத்தில் சுரமும் கபமும், வறண்ட நிலத்தில் மூன்று குற்றமும் சேர்ந்து கெடுதல், வயலும் நீரும் உள்ள மருதம் நோய் தணிக்கும் நல்ல நிலம் என்று அந்தப் பாடம் போகும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுக்கும் தனித்தனி உணவு, ஒழுக்கம் உண்டு.

இந்த அளவுகோலை வெளிநாட்டுக்கும் எடுத்துப் போகலாம். சித்த மருத்துவப் பார்வையில், குளிரும் வறட்சியும் சேர்ந்த ஊரில் வாதம் மிகும். மூட்டுவலி, தோல் வெடிப்பு, மலச்சிக்கல் தலைகாட்டும். கொதிக்கிற ஊரில் பித்தம் மிகும். எரிச்சல், தலைசுற்றல், நீர்க்கடுப்பு வரும். ஈரமும் குளிரும் சேர்ந்த ஊரில் கபம் மிகும். சளி, மூச்சிரைப்பு, உடல் கனம் தெரியும்.

ஆகவே ஏற்கெனவே வீட்டில் யாருக்கு எது தொந்தரவு என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவரை ஈரக் குளிருக்கும், மூட்டுவலி உள்ளவரை உறைபனிக்கும், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவரைக் கடும் வெயிலுக்கும் அனுப்பும் முன் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். போகக் கூடாது என்று சொல்லவில்லை. தயாராகப் போங்கள் என்கிறேன்.

வீட்டில் கார் ஓட்டத் தெரியாதவர் யார்?

இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுக்கிறவர் பெரும்பாலும் சம்பாதிக்கிற பிள்ளை. அவருக்குக் கார் உண்டு, ஆபீஸ் உண்டு, சினேகிதர்கள் உண்டு. லீவு நாளில் மலை ஏறலாம், படகு விடலாம், சைக்கிளில் நூறு கிலோமீட்டர் போகலாம். "இந்த ஊர் அவுட்டோர்ஸுக்குப் பிரமாதம்ப்பா!" என்பார். அவருக்கு அது உண்மைதான்.

ஆனால் வாரத்தில் ஐந்து நாள், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அந்த வீட்டில் இருப்பவர் யார்? தாத்தா, பாட்டி. சில வீடுகளில், விசா விதிப்படி வேலைக்குப் போக முடியாத மருமகள். பள்ளி விட்டு வருகிற குழந்தை. இவர்களில் யாருக்கும் கார் ஓட்ட முடியாது. இவர்கள் கால் போகிற தூரம்தான் இவர்களுடைய ஊர்! ஐம்பது மைல் தள்ளி இருக்கிற அழகான ஏரி இவர்களுடைய ஊர் அல்ல.

ஆகவே என் சட்டம் ஒன்றே ஒன்று: ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டில் கார் ஓட்டாதவரை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு ஒத்துப்போகும் ஊர் மற்ற எல்லோருக்கும் ஒத்துப்போகும். கார் ஓட்டுகிறவருக்கு ஒத்துப்போகும் ஊர் அவருக்கு மட்டுமே ஒத்துப்போகும்.

ஊர் ஊராய்ப் பார்ப்போம்

நம்மவர்கள் அதிகமாகப் போகிற சில ஊர்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாமா?

*சிங்கப்பூர்:* பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம். சூரியன் உதிப்பதும் மறைவதும் கிட்டத்தட்ட ஏழு மணிக்கு ஏழு மணி. பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நடைபாதைகளே 300 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். பழைய மலாயா ரயில் பாதையில் 2011-ல் ரயில் நின்றதும், அந்த 24 கிலோமீட்டரையும் நடைவழிக்காக வைத்துக்கொண்டார்கள். அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கீழேயே பெரியவர்களுக்கான உடற்பயிற்சி மூலை இருக்கும். தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. பெயர்ப் பலகையைப் பார்த்து ரயில் ஏறலாம். குறை இல்லையா? உண்டு. வியர்வை வடியும் புழுக்கம். திடீர் மழை. டெங்கு கொசு. சில வருஷங்களில், குறிப்பாக 2013-லும் 2015-லும், அண்டை நாட்டுக் காட்டுத் தீப் புகை வந்து மூடியது. வீடு சிறியது. ஆனால் வீடு சிறியதாக இருப்பதே மனிதரை வெளியே தள்ளிவிடும். அதுவும் ஒரு மருந்துதான்!

*துபாய்:* நவம்பரிலிருந்து மார்ச் வரை அருமையான நடைக்காலம். கடற்கரை ஓரம் நடைபாதை, பெரிய பூங்காக்கள் எல்லாம் உண்டு. மீதி மாதங்கள்? கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் திறந்த வெளியில் தொழிலாளரை வேலை வாங்கவே அங்கே சட்டத்தில் தடை இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் பெரிய வணிக வளாகத்துக்குள் நடப்பதுதான் வழி. நடப்பதற்காகப் போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பாமல் இருந்தால் சரி!

*லண்டன்:* பூங்காக்களுக்குக் குறைவே இல்லாத ஊர். நடப்பதற்குக் கூச்சமே வேண்டாம், ஊரே நடக்கிறது. பஸ்ஸும் ரயிலும் வாசலுக்குப் பக்கத்தில். ஈஸ்ட் ஹாம் மாதிரிப் பகுதிகளில் தமிழ்க் கடையும் முருகன் கோயிலும் நடக்கிற தூரத்தில். சிக்கல் வெளிச்சத்தில்தான். ஜூன் மாதம் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு அந்த வெளிச்சத்தில் வைட்டமின் டி போதாது. பிரிட்டிஷ் அரசு மருத்துவத் துறையே, அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. தெற்காசியத் தோல் உள்ளவர்கள் வருஷம் முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது. 'வெயில் இல்லை' என்பது அங்கே வெறும் அலுப்பு அல்ல, எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

*டொரான்டோ:* ஸ்கார்பரோ பக்கம் போனால் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஊருக்குள்ளேயே ஓடைப் பள்ளத்தாக்குகளும் காட்டுப் பாதைகளும் உண்டு. ஸ்கார்பரோவின் ஓரத்தில் இருக்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா மட்டும் ஏறக்குறைய 79 சதுர கிலோமீட்டர். மே முதல் அக்டோபர் வரை கால்களுக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். குளிரைவிட ஆபத்து, நடைபாதையில் உறைந்த பனி. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வந்த காரியமே கெட்டுவிடும். ஆகவே பக்கத்தில் சமூகக் கூடம் இருக்கிறதா, அதில் உள்ளே நடக்கும் பாதையோ நீச்சல் குளமோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் வீடு பிடிக்க வேண்டும்.

*மெல்பர்ன்:* ஒரே நாளில் நான்கு பருவம் என்று அந்த ஊர்க்காரர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். அரசு தாவரவியல் தோட்டத்தைச் சுற்றி 3.8 கிலோமீட்டர் நடைப்பாதை பிரசித்தம். நம் ஆடி மாதம் அங்கே குளிர்காலம்; நம் தை மாதம் அங்கே கொளுத்தும் கோடை. இதைத் தெரிந்துகொண்டு துணி எடுத்துப் போங்கள். புற ஊதாக் கதிர் கடுமை. அதன் அளவு மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, முழுக்கைச் சட்டை, களிம்பு எல்லாம் வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. ஆஸ்துமா உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2016 நவம்பர் 21 அன்று புல் மகரந்தமும் இடிமழையும் சேர்ந்து ஊரையே மூச்சுத் திணற வைத்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இடிமழை வரப்போகும் நாளில் ஆஸ்துமாக்காரர் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. இழுக்கும் மருந்து எப்போதும் கையில் இருக்கட்டும்.

*டெக்ஸாஸ்:* டல்லாஸ், ஹூஸ்டன் புறநகர்களில் பெரிய வீடு, பின்னால் தோட்டம், நல்ல பள்ளிக்கூடம். ஆனால் ஊரின் அமைப்பே காருக்காகப் போட்டது. கடைக்கு நடந்து போக முடியாத குடியிருப்புகள் நிறைய. கோடை கடுமை. தெருவில் ஆளே இருக்காது. 'யாரைப் பார்த்து நடப்பது?' என்ற தயக்கத்திலேயே நம்மவர்கள் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள்.

அப்படியானால் ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு என்ன பதில்? கார் ஓட்டத் தெரியாத, அறுபது தாண்டிய தம்பதிக்குச் சிங்கப்பூர் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஆனால் மகனுக்கு டெக்ஸாஸ் வேலைதான் எதிர்காலம் என்றால்? போகட்டும், தடுக்காதீர்கள். ஊரை மாற்ற முடியாவிட்டாலும் தெருவைத் தேர்ந்தெடுக்கலாமே! அதே டல்லாஸில் பூங்காவும் நடைபாதையும் நூலகமும் பக்கத்தில் இருக்கும் குடியிருப்புகள் உண்டு. "ஒரு ரூம் குறைஞ்சாலும் பரவாயில்லப்பா, பூங்கா பக்கத்துல பாரு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு அறையைவிட அம்மாவின் முழங்கால் விலை அதிகம்.

ஐந்து கேள்விப் பரீட்சை

வீடு பிடிக்கும் முன் இந்தப் பரீட்சையை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்.

1. வாசலிலிருந்து பத்து நிமிஷ நடையில் பூங்காவோ நடைபாதையோ இருக்கிறதா? வழியில் பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. வருஷத்தில் எத்தனை மாதம் வெளியே நடக்கலாம்? பத்து மாதத்துக்கு மேல் என்றால் இரண்டு. ஆறு முதல் பத்து மாதம் என்றால் ஒன்று. மீதி மாதங்களில் நடக்க உள்ளரங்கம் எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. காற்று எப்படி? பல நாடுகளில் காற்றுத் தரக் குறியீட்டைத் தினமும் சொல்கிறார்கள். அமெரிக்க முறையில் 50-க்குள் என்றால் நல்லது; 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்; 150-ஐத் தாண்டினால் எல்லோருமே வெளி நடையைக் குறைக்க வேண்டும்.

4. வேறு யார் துணையும் இல்லாமல் பஸ்ஸோ ரயிலோ பிடித்துக் கடைக்கும் மருத்துவரிடமும் போய் வர முடியுமா?

5. பேச்சுத் துணை உண்டா? பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேச நாலு பேர், அது தமிழாக இருந்தாலும் தெலுங்காக இருந்தாலும், இருக்கிறார்களா? தனியாக நடப்பவர் பத்தே நாளில் நிறுத்திவிடுவார். கூட்டாளி இருந்தால், வருஷக் கணக்கில் நடப்பார்.

நம்ம நெய்வேலிக்கே வைத்துப் பார்க்கலாம். பூங்காவுக்கும் சாலைக்கும் இரண்டு. சித்திரை, வைகாசி உச்சி வெயிலை விட்டுவிட்டால் வருஷம் முழுக்க நடக்கலாம், அதற்கு இரண்டு. காற்றுக்கு? சுரங்கத் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் உள்ள ஊருக்கு முழு மதிப்பெண் போட மனசு வரவில்லை, ஒன்று. பஸ்ஸுக்கு ஒன்று. பேச்சுத் துணைக்குக் கேட்கவே வேண்டாம், இரண்டு. மொத்தம் எட்டு. ஆக, நம் ஊர் சொர்க்கம் இல்லை. ஆனாலும் எட்டு வாங்குகிறது. போகிற இடம் ஐந்துக்குக் கீழே வாங்கினால் வேறு தெரு பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பரீட்சைக்கு அங்கே போக வேண்டும் என்பதில்லை. கைபேசி வரைபடத்தில் அந்த வீட்டு முகவரியைப் போட்டால் பூங்காவுக்கு எத்தனை நிமிஷ நடை என்று சொல்லிவிடும். இன்னொரு வழியும் உண்டு. வாரநாளில் காலை பத்து மணிக்கு மகளை அந்தத் தெருவில் நடந்துகொண்டே வீடியோவில் பேசச் சொல்லுங்கள். நடைபாதை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, தெருவில் மனிதர்கள் தெரிகிறார்களா என்று பதினைந்து நிமிஷத்தில் விளங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்!

போன பிறகு...

விமானப் பயணத்தில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராதீர்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோனால் அது பயன்படாது. இங்கே சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த, இதய மாத்திரைகளை ஊர் மாறியது என்று நிறுத்தவே கூடாது. மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். பற்பம், செந்தூரம், சூரணம் என்று பெட்டியை நிரப்பும் முன் அந்த நாட்டுச் சுங்க விதியை விசாரியுங்கள். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருளையும் மூலிகையையும் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு.

முதல் வாரத்திலேயே வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்குங்கள். முதல் நாள் பத்து நிமிஷம். அங்கிருந்து தினம் இரண்டிரண்டு நிமிஷம் கூட்டினால் பத்தே நாளில் அரைமணியை எட்டிவிடலாம். வீட்டு முகவரியும் மகனின் போன் நம்பரும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். சாப்பிட்டதும் சாய்ந்துவிடாமல் பத்து நிமிஷம் மெதுவாக நடப்பது சர்க்கரைக்கு நல்லது. அதற்கு வீட்டுக் கூடம்கூடப் போதும்.

குளிர் நாட்டில்: ஒரே தடித்த கம்பளியைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். காது, கை, பாதம் மூடியிருக்கட்டும். பிடிப்பு உள்ள காலணி போட்டு, பனியில் சின்னச் சின்ன அடியாக வைத்து நடங்கள். இதய நோய் உள்ளவர்கள் கடும் குளிரில் நடப்பதற்கும் பனி அள்ளுவதற்கும் மருத்துவர் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அறை வெப்பமூட்டியால் தோல் வறளும்; நல்லெண்ணெய் தடவி இளஞ்சூடான நீரில் குளிக்கலாம். எண்ணெய் வழுக்கும், குளியலறைத் தரையில் கவனம்! தலைக்குக் குளித்தால் முடி முழுக்கக் காயாமல் வெளியே போகாதீர்கள். மாலையில் ஒரு டம்ளர் சுக்குக் காபி இதம் தரும்.

சூடான நாட்டில்: விடியலிலும் அந்தி சாய்ந்த பிறகும் மட்டும் நடை. கையில் தண்ணீர். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பில் கை வைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். தலை கிறுகிறுத்து, குமட்டி, தடுமாறினால் உடனே நிழலுக்கோ குளிர்ந்த அறைக்கோ போய்விடுங்கள். பேச்சு குழறினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை

வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பிள்ளைகளே! அப்பா அம்மாவை அழைத்துவந்து நயாகராவைக் காட்டுவது சந்தோஷம்தான். அது ஒரு நாள் சந்தோஷம். பக்கத்துப் பூங்காவுக்கு வழி காட்டி, பஸ் கார்டு வாங்கிக் கொடுத்து, முதல் நாலு நாள் கூடவே நடந்து பழக்கிவிடுங்கள். அது ஆறு மாத ஆரோக்கியம். பேரனைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் வேலையைத் தாத்தாவிடம் கொடுங்கள். பேரனுக்கும் நடை, தாத்தாவுக்கும் நடை. 'நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கேன்' என்ற எண்ணமும் அவருக்கு வராது.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளையிலிருந்து ஏழு நாள், நீங்கள் எதற்கெல்லாம் நடக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாலுக்கு எத்தனை நிமிஷம், கீரைக்கு எத்தனை நிமிஷம், கோயிலுக்கு எத்தனை நிமிஷம், சும்மா பேசிக்கொண்டே எத்தனை நிமிஷம். எட்டாம் நாள் அதைக் கூட்டி, மகனுக்கு அனுப்பி, "இவ்வளவு நிமிஷம் நடக்கிற மாதிரி ஒரு தெருவைப் பாருப்பா" என்று சொல்லுங்கள்.

அந்தத் தாளில் ஒன்றுமே எழுத முடியவில்லையா? அப்படியென்றால் வெளிநாடு அப்புறம் இருக்கட்டும். செருப்பை மாட்டிக்கொண்டு இன்றைக்குச் சாயங்காலமே வாசலை விட்டு இறங்குங்கள்!